பழகிக்கொள்ளச் சொன்ன சத்தம்

உயர்த்திய வண்டியின் முன்பக்கத்தில் எழும் சத்தங்களில் சிலவற்றைத் தீர்க்கலாம். சிலவற்றை விளக்கத்தான் முடியும். விளக்கியதோடு என் பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்று, நோர்வூட் பக்கமிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த டபள் கெப்பை நினைக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியை உயர்த்தும் கிட் வேறிடத்தில் பூட்டப்பட்டது. முன் கொயில் ஸ்பிரிங்குகளின் மேல் வளையம் வைத்து, பின்னால் லீஃப் ஸ்பிரிங்குக்கும் எக்ஸலுக்கும் நடுவே கட்டை கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நீளமான யூ போல்ட் போட்டு, ஏறத்தாழ இரண்டு அங்குலம் தூக்கியிருந்தார்கள். ஷொக் அப்சோர்பர்கள் பழையவையே. தம்பி சொன்ன குறைகள் இரண்டு: மெதுவாக ஓடும்போது ஒரு கிரீச், ஏற்றத்தில், அதிலும் பின்னால் ஆட்களோ மூட்டைகளோ இருந்தால், ஒரு டக்.

சுமையோடு கூடுகிற சத்தம் என்றால் எவருடைய கையும் முதலில் பின்பக்கத்துக்குத்தான் போகும். யூ போல்ட் நட்டுகளை டோர்க் ரென்ச் வைத்துப் பார்த்தேன். (புதிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும், அதற்காக யாரும் திரும்பி வருவதில்லை என்பது வேறு விடயம்.) ஷெக்கல் புஷ்களையும் லீஃபின் நடு போல்ட்டையும் பார்த்தேன். குறை ஒன்றுமில்லை.

கிரீச்சைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோவர் ஆர்மின் றப்பர் புஷ்கள் மீது தண்ணீர் தெளித்து வண்டியை ஆட்டியதும் சத்தம் சற்று நேரம் அடங்கியது. சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த றப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். முனகும், பிறகு கிழியும். சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட்டுகள் இருந்த இடத்தைப் பெயின்டால் அடையாளமிட்டுத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி அமரவிட்டு, அதன் சொந்தப் பாரத்திலேயே இறுக்கினேன். எலைன்மென்ட்டையும் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். கிரீச் போய்விட்டது.

டக் போகவில்லை. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரையுள்ள தூரத்தை வண்டி தரையில் நிற்கும்போது ஒரு தடவையும், சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு தடவையும் அளந்தேன். இரண்டுக்கும் இடையே இருந்தது சில விரலளவுதான். ஸ்பிரிங்கோடு வளையம் வைத்து உயர்த்தும்போது, ஷொக் நீளுவதற்கு இருந்த இடத்தைத்தான் அந்த உயரம் தின்கிறது. செங்குத்தான தோட்டத்து ரோட்டில் பாரம் பின்னால் சாய்ந்ததும் மூக்கு எழும்புகிறது. ஒரு தண்ணீர்க் கானைத் தாண்டி முன்சக்கரம் கீழே விழும்போது ஷொக் தன் எல்லைவரை நீண்டு முட்டிக்கொள்கிறது. லோவர் ஆர்மின் கீழ் ஜக் கொடுத்து உயர்த்திச் சட்டென்று இறக்கிக் காட்டினேன். அதே டக் கேட்டது. “இதேதாண்ணே” என்றான் தம்பி.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இதற்குப் பிறகு நடந்த பேச்சைத்தான். “இது ஷொக்கோட எல்லை, தம்பி. ஒண்ணும் ஒடஞ்சிறாது, பழகிக்கங்க” என்றேன். அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். “அப்ப எந்தச் சத்தத்துக்கு நான் வரணும்ணே?” என்றான்.

“இது மாதிரி இல்லாத சத்தம் கேட்டா வாங்க.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல பதிலாகவே தோன்றியது.

நான் சொன்னது பொய்யில்லை. நீளமான ஷொக் போட வேண்டும், அல்லது வளையத்தைக் கழற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன், விலையையும் சொன்னேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு பார்ட்ஸ் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் அந்தக் கெப்பை வாங்கியதோ, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய்ப் பழைய வண்டிகளுக்கெல்லாம் தாறுமாறாக விலை ஏறிக்கிடந்த காலத்தில். தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து நோயாளிகளையும் சாமான்களையும் ஏற்றி இறக்கித்தான் வண்டிக் கடனைக் கட்டுகிறான். வளையத்தைக் கழற்றினால் மறுபடியும் கல்லில் அடி தட்டும். அப்படிப்பட்டவனிடம் ஒரு டக்குக்காகப் பயமுறுத்திப் பணம் கறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

ஆனால் “ஒண்ணும் ஒடஞ்சிறாது” என்பதற்கு முன்னால் “இப்போதைக்கு” என்று சொன்னேனா என்பது நினைவில்லை. தொடர்ந்து எல்லையில் முட்டும் ஷொக் நாளடைவில் கெடும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் சொல்லியிருப்பேன் என்றே நம்புகிறேன். அதைவிட உறுத்துவது வேறொன்று. உயர்த்திய வண்டியில், சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் மூட்டுகளான போல் ஜொயின்ட்டுகள் முன்னைவிடச் சாய்ந்த கோணத்தில் வேலை செய்கின்றன. றப்பர் உறை இழுபட்டுக் கிழிந்தால் சேறு உள்ளே போய்த் தேய்மானம் தொடங்கும். அந்தத் தேய்மானத்தின் முதல் சத்தமும் ஒரு டக்தான். அதே கானில், அதே ஏற்றத்தில் கேட்கும். சக்கரத்தைத் தூக்கி, டயரின் கீழ் இரும்புப் பாரைக் கொடுத்து நெம்பினால் என் கைக்கு வித்தியாசம் தெரியும். அவனிடம் இருப்பதோ காது மட்டுந்தான்; அந்தக் காதையும் இதைக் கேட்க வேண்டாமென்று நானே பழக்கி அனுப்பியிருக்கிறேன். என் சொந்த வேனின் பக்கக் கதவு ஆடும் சத்தத்தை மற்றவர்கள் சொல்லித்தான் நான் கேட்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எந்தச் சத்தத்துக்கும் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் சொன்னால் ஆரம்பத்தில் வருவார்கள். ஹயர் கெட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிப்போன பிறகு எதற்கும் வரமாட்டார்கள். எனக்கு வேலை பழக்கிய பாஸ், சத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்று மட்டுமே சொல்வார். அது திமிர் என்று அப்போது நினைத்தேன். சாரதியின் காதை நம்பி அவர் எதையும் விட்டுவைத்ததில்லை என்று இப்போது படுகிறது. அதே சமயம், அவர் எதையும் விளக்கியதில்லை என்பதும் உண்மைதான்.

இப்போதெல்லாம் உயர்த்திய வண்டி எது வந்தாலும், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒயில் மாற்றும்போது போல் ஜொயின்ட்டையும் பார்க்க வேண்டுமென்று சொல்லி அனுப்புகிறேன். அவர்களில் பாதிப் பேர் ஒயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்பவர்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. டக் என்ற சத்தத்துக்கு “பழகிக்கங்க” என்பதையும் நான் இன்னும் விட்டுவிடவில்லை, ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் அதுதான் உண்மை.

சில காலம் முன்பு ஹட்டன் பஜாரில் அந்தக் கெப் வேகத்தடை ஒன்றைத் தாண்டிப் போனபோது நான் கடை வாசலில் நின்றிருந்தேன். டக் கேட்டது. பழைய சத்தமா, புதியதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து என்னாலேயே சொல்ல முடியவில்லை. அன்று மாலை போன் எடுத்துக் கேட்டேன். “அதே சத்தந்தாண்ணே, இப்ப கேக்குறதே இல்ல” என்றான். இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவாங்க, சும்மா தூக்கிப் பார்த்துவிடுகிறேன், காசு வேண்டாம் என்றேன். வருகிறேன் என்றான், இன்னும் வரவில்லை, அவன் வர வேண்டுமென்றால் ஒரு நாள் ஹயரை விட வேண்டும்.