ஈரத்துண்டு காய்வதற்குள்

நெல்லை மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பெருமாளுக்கு நம்பி என்று பெயர். நம்பி ஐந்து பேர். நின்ற நம்பியும் இருந்த நம்பியும் கிடந்த நம்பியும் ஊருக்குள் பெரிய கோவிலில். திருப்பாற்கடல் நம்பி ஊருக்கு வெளியே ஆற்றோரம். மலை நம்பி காட்டுக்குள். சனிக்கிழமையானதால் அடிவாரத்தில் ஜீப்புக்குக் கூட்டம். "நடக்கதா இருந்தா வெயிலுக்கு முந்தி ஏறிருங்க அண்ணாச்சி" என்றார் ஜீப்காரர். சரி என்று நடந்தேன்.

சோதனைச் சாவடியில் பையைக் கிளறிப் பார்த்தார்கள். 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இது; தமிழ்நாட்டில் முதலாவது. மழை வலுத்தால் யாரையும் மேலே விடுவதில்லை. அதுவும் நியாயம்தான், தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும்.

நம்பியாறு மலை நம்பி கோவிலை ஒட்டியே இறங்குகிறது. முழங்கால் தண்ணீரில் நின்றதும் மீன்குஞ்சுகள் குதிகால் வெடிப்பைத் தேடி வந்து கொத்தின. முங்கி எழுந்தால் பல் கிட்டித்தது. பக்கத்தில் ஓர் ஆச்சி மூக்கைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரச்சேலையோடு "நம்பி, நம்பி" என்றபடி படியேறினார். பின்னாலேயே போய் நானும் சேவித்தேன். துளசியும் தீர்த்தமும் கிடைத்தன.

திருவனந்தபுரத்தில் இருந்த ராமானுஜரை ஒரே இரவில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. விடிந்ததும் ஆற்றில் நீராடிவிட்டுத் திருமண் இட்டுக்கொள்ளச் சீடர் வடுகநம்பியைக் கூப்பிட்டாராம். சீடரோ திருவனந்தபுரத்திலேயே இருந்துவிட்டார். அவர் வடிவில் வந்து நின்றது பெருமாள். குருவிடம் உபதேசம் கேட்ட பெருமாள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய இடம்: எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாமலே ஒருவர் இந்தத் தண்ணீரில் இறங்கி நின்றது.

அப்புறம் ஆற்றின் கூடவே கீழே போனேன். மலையை விட்டதும் அதன் கூச்சல் அடங்கிவிடுகிறது. ஏர்வாடி தாண்டி, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு, கோட்டைக்கருங்குளம் அணையில் கொஞ்சம் தேங்கி, ராதாபுரம் பக்கத்துச் செம்மண்ணில் மெலிகிறது. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் இங்கே வெறும் மணல்தான். தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாற்றுக்கும் இதற்கும் திருப்பிவிடும் கால்வாய் வேலையை 2009இல் தொடங்கியதே அதனால்தான்.

ஆற்றங்கரைப் பள்ளிவாசல் வந்தபோது சாயங்காலம். அதற்கப்பால் கடல். பையிலிருந்து துண்டை எடுத்து உதறினேன். மலை நம்பி கோவிலில் நனைத்தது, மடிப்புக்குள் இன்னும் ஈரமாக இருந்தது.