லிட்டில் மோர்ட்டன் ஹால் மாதிரி: தெற்குக் கட்டு கூரையேறியது

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், அகழி சூழ நிற்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்னும் மரச்சட்டக மாளிகையை 1:50 அளவில் பால்சா மரத்தில் செய்துவருகிறேன். 1504க்கும் 1508க்கும் இடையில் எழுந்த பெருங்கூடம் முன்பே முடிந்திருந்தது. இப்போது முடிந்திருப்பது, 1560களின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட தெற்குக் கட்டு. நுழைவாயிலும், மூன்றாம் தளத்தில் ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள நீள்கூடமும் இதில்தான் உள்ளன.

அந்த நீள்கூடம் முதல் திட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டுமானம் தொடங்கிய பிறகு தோன்றிய எண்ணம் என்றே கருதப்படுகிறது. அதன் கூரையோ கனத்த மணற்கல் பலகைகளால் வேயப்பட்டது. இந்தச் சுமையால்தான் கீழ்த்தளங்கள் பிதுங்கியும் முறுக்கியும் போயின. பின்னாளில் உள்ளே எஃகுக் கம்பிகளைச் செருகித் தாங்க வேண்டியதாயிற்று. எனவே, சுவர்களைத் தொடக்கத்திலேயே கோணலாக வெட்டி ஒட்டுவதைவிட, தச்சர்கள் செய்ததுபோல் நேராகச் சட்டம் கோத்து, பின்னர் சுமையேற்றிப் பார்ப்பதே முறை என்று முடிவு செய்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கட்டடத்தை அளவில் சுருக்கும்போது எடை கனஅளவைப் பின்பற்றி மிக வேகமாகவும், மரத்தின் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பின்பற்றிச் சற்று மெதுவாகவும் குறைவதால், சிறிய மாதிரி தன் எடையில் உண்மைக் கட்டடத்தைப்போல் ஒருபோதும் வளையாது. அதனால் மிக மென்மையான பால்சாவைத் தேர்ந்து, கூரைக்கு அட்டையை விடுத்து, காற்றில் உலரும் களிமண்ணைத் தேய்த்து வேண்டுமென்றே தடிமனாக வெட்டிய வில்லைகளை அடுக்கினேன். கடைசி வரிசை ஏறியதும் நீள்கூடத்தின் பக்கச் சுவர்கள் வெளிப்புறமாக விரியத் தொடங்கின. அசல் கட்டடத்திலும் கூரைச் சட்டங்களுக்கிடையே குறுக்கு உத்திரங்கள் பிற்காலத்தில், அநேகமாக 17ஆம் நூற்றாண்டில், சேர்க்கப்பட்டுள்ளன. அவை இல்லாமல் கட்டடம் பிளந்துபோயிருக்கும் என்ற அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை மாதிரியே காட்டிவிட்டது. நானும் அதே இடங்களில் உத்திரங்களை இட்டேன். சுவர்கள் விரிவது நின்றது, ஏற்பட்ட கோணலை அப்படியே விட்டுவிட்டேன்.

நிறத்தில் மட்டும் இன்றைய தோற்றத்தைப் பின்பற்றவில்லை. செஷயர் வீடுகளின் அழுத்தமான கறுப்பு வெள்ளை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. பூசாத ஓக் மரம் காலப்போக்கில் வெள்ளிச் சாம்பலாகும். கடுந்தேயிலைச் சாற்றைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் எஃகு நார் ஊறிய வினிகரைத் தடவினால் பால்சாவுக்கு அந்த நிறம் ஏறுகிறது. சட்டங்களுக்கிடையிலான பூச்சுக்கு இளங்காவி கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வேலை, முற்றத்தில் துருத்தி நிற்கும் இரட்டைச் சாளரங்கள். ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் தாம் செய்தவை என்று 1559இல் தம் பெயரைப் பொறித்துவைத்தவை அவை. இரண்டின் கூரைகளும் முட்டிக்கொள்ளுமளவு நெருங்கியிருப்பதால், தனித்தனியே ஒட்ட இயலாது. வெளியே ஒன்றாக இணைத்து முழுத் துண்டாகவே பொருத்த வேண்டும். இந்த அளவில் எழுத்துகளைச் செதுக்க முடியாது என்பதால், மெல்லிய பேனா முனையால் எழுத எண்ணியிருக்கிறேன்.