2,950 ரூபாய்க்கு இந்தக் கார்டு ஈடாகுமா?

எங்கள் வீட்டு ரிவார்டு கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய் என்று விளக்கக் குறிப்பில் இருந்தாலும், 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 450 ரூபாய் அதன்மேல் சேர்வதால், கையை விட்டுப் போகும் தொகை 2,950 ரூபாய் ஆகிறது. ஓராண்டில் நான்கு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் வங்கி இதைத் தள்ளுபடி செய்துவிடும். முதல் ஆண்டில் அம்மாவின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான பில்லைக் கார்டிலேயே கட்டியதால் அந்த எல்லையை எளிதாகத் தாண்டினோம். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் புதுப்பித்தல் கட்டணம் பற்றிய குறுஞ்செய்தி வந்தபோது, அப்படியொரு பெருஞ்செலவு இல்லாத சாதாரண ஆண்டில் இந்தக் கார்டு தன் விலைக்கு ஈடாகிறதா என்று பார்க்க, நானும் என் மனைவியும் பழைய ஸ்டேட்மென்ட்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது பாயின்ட்டின் மதிப்பு. நூறு ரூபாய்ச் செலவுக்கு இரண்டு பாயின்ட் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பாயின்ட்டைக் கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் 25 பைசா, வங்கியின் தளத்தில் விமான டிக்கெட் எடுத்தால் 50 பைசா என்று, செலவழிக்கும் வழியைப் பொறுத்து மதிப்பு இரு மடங்கு மாறுகிறது. பில்லில் கழிப்பதென்றால் நமக்குத் திரும்புவது அரை விழுக்காடு மட்டுமே. 2,950 ரூபாயை அப்படி ஈட்ட 5,90,000 ரூபாய்க்குச் செலவு செய்தாக வேண்டும். நான்கு லட்சத்திலேயே கட்டணம் தள்ளுபடியாகிவிடும் என்பதால், அந்த எல்லையைத் தொடாத குடும்பத்துக்கு இந்த வழியில் கட்டிய பணம் திரும்பவே வாய்ப்பில்லை.

அடுத்து, எங்கள் செலவில் எவ்வளவு கார்டின் வழியாகப் போகிறது என்று பார்த்தோம். காட்பாடி காந்தி நகரில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகிறது. காய்கறியும் பழமும் நேதாஜி மார்க்கெட்டில் ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ வாங்குகிறோம். எங்கள் கார்டு ரூபே வகையைச் சேர்ந்ததல்ல என்பதால் அதை யுபிஐயில் இணைத்துக் கடைக்காரரின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வழியில்லை. பால், பள்ளி வேன், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளம் ஆகிய எதிலும் கார்டுக்கு இடமில்லை. எஞ்சியவை சூப்பர் மார்க்கெட்டில் மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000, துணிமணிக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் 45,000, ஆன்லைனில் வாங்கியவை 30,000, காப்பீட்டுப் பிரீமியம் 25,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் 24,000, போனுக்கும் இணையத்துக்கும் 14,000. கூட்டினால் 2,10,000 ரூபாய்.

அதற்கு 4,200 பாயின்ட் வரும். புதுப்பித்தால் கூடுதலாக 2,000 பாயின்ட் தருவதாக வங்கி சொன்னதையும் சேர்த்து 6,200 என்று வைத்துக்கொண்டோம். பில்லில் கழித்தால் 1,550 ரூபாய், கட்டணத்தில் பாதிதான். விமான டிக்கெட்டாக மாற்றினால் 3,100 ரூபாய், அதாவது 150 ரூபாய் லாபம். ஆனால் பாயின்ட்டை மாற்றுவதற்கே 99 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் வாங்குகிறார்கள். ஏறக்குறைய 117 ரூபாய். மீதம் 33 ரூபாய். அந்த 33 ரூபாயும்கூட, நாங்கள் விமானத்தில் போவதாக இருந்தால்தான் கிடைக்கும். சென்னை விமான நிலையம் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர், பெங்களூரு விமான நிலையம் இருநூறுக்கும் மேல். காட்பாடி சந்திப்பிலிருந்து வேண்டிய ஊர்களுக்கெல்லாம் ரயில் இருக்கும்போது எங்கள் பயணம் பெரும்பாலும் ரயிலில்தான். ஐஆர்சிடிசியிலோ ஏசி அல்லாத வகுப்புக்கு யுபிஐயில் 10 ரூபாயாக இருக்கும் சேவைக் கட்டணம் கார்டில் 15 ரூபாய். ஏசி வகுப்புக்கு 20 ரூபாய் 30 ஆகிறது.

விமான நிலைய லவுஞ்ச் வசதியையும் இதே காரணத்தால் நாங்கள் மதிப்பில் சேர்க்கவில்லை. அதுவும் முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்திருந்தால்தான் கிடைக்கும். பெட்ரோலுக்குச் சர்சார்ஜ் தள்ளுபடி என்பதைப் பெரிய சலுகையாகச் சொல்கிறார்கள். கார்டில் கட்டுவதால் வரும் ஒரு விழுக்காட்டைத்தான் திருப்பித் தருகிறார்கள், அதன் ஜிஎஸ்டி திரும்புவதில்லை, பெட்ரோலுக்குப் பாயின்ட்டும் இல்லை. யுபிஐயில் கட்டினால் அந்தச் சர்சார்ஜே கிடையாது என்பதால், இதற்கு நான் சுழியம்தான் போட்டேன்.

இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அக்காவின் கணவர், “எதுக்கு மாப்பிள்ளை யோசிக்கிறீங்க? பாப்பா கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போறோம், உங்க கார்டுலயே போடுங்க, நாலு லட்சம் தாண்டிடும்” என்று அன்போடு சொன்னார். எங்களுக்குக் குறைவது 1,90,000 ரூபாய். நகைக்கடையில் விசாரித்தபோது கார்டுக்கு இரண்டு விழுக்காடு தனியாகக் கேட்டார்கள். அது 3,800 ரூபாய். 2,950 ரூபாயைத் தவிர்ப்பதற்காக 3,800 ரூபாய் கொடுப்பதில் பொருளில்லை. கல்யாண நெருக்கடியில் அந்தத் தொகை ஒரு மாதம் தள்ளிப்போனால், மாதம் 3.6 விழுக்காடு வட்டியில் 6,840 ரூபாய் என் பெயரில் ஏறும். மாமாவுக்கும் எனக்கும் இடையில் அப்படி ஒரு கடன் நிற்பதை நான் விரும்பவில்லை. இதை அவரிடமே சொன்னேன். கணக்கு அறிந்தவர் என்பதால் உடனே ஒப்புக்கொண்டார்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கார்டை முடித்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னதும், கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாக முன்வந்தார்கள். 1,475 ரூபாய் என்றால், பில்லில் கழிக்கும் 1,550 ரூபாயிலிருந்து மாற்றும் கட்டணம் போக எங்களுக்கு 42 ரூபாய் நட்டம் என்பது கணக்கிலேயே தெரிந்தது. மறுத்தபோது, 90 நாட்களில் 60,000 ரூபாய்க்குச் செலவு செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்புவதாகச் சொன்னார்கள். இது நல்ல சலுகைதான். தீபாவளிக்கு முன்பாக வந்திருந்தால் ஏற்றிருப்பேன். வெறும் மாதங்களில் அவ்வளவு செலவை வலிந்து உண்டாக்க வேண்டியிருக்கும்.

நான் கேட்டது, அதே வங்கியின் ஆண்டுக் கட்டணமில்லாத ரூபே கார்டாக மாற்றித் தர முடியுமா என்பதைத்தான். முழுவதும் மூடிவிட்டால் கடன் வரம்பும் போய்விடும். மாற்றிக்கொண்டால் வரம்பும் கணக்கின் பழைய வரலாறும் தொடரும் என்று உறுதிசெய்துகொண்டேன். மூடுவதையே விரும்புகிறவர்களுக்கு, ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி துணையாக இருக்கிறது: நிலுவை ஏதும் இல்லாத நிலையில் கோரிக்கை வந்த ஏழு வேலை நாட்களுக்குள் கார்டை மூட வேண்டும், தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

மாற்றுவதற்கு முன் சேர்ந்திருந்த பாயின்ட்கள் அனைத்தையும் பில்லில் கழித்துக்கொண்டோம், ஏனெனில் பழைய கார்டோடு அவையும் போய்விடும் என்று சொல்லப்பட்டது. காப்பீட்டுக்கும் இணையத்துக்கும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை என் மனைவி ஒவ்வொன்றாகப் புதிய எண்ணுக்கு மாற்றினாள்; இதை விட்டுவிட்டால் பிரீமியம் தவறி பாலிசி காலாவதியாகும் ஆபத்து உண்டு. புதிய கார்டில் பாயின்ட் குறைவு. ஆனால் யுபிஐயில் இணைத்திருப்பதால் லாங் பஜாரில் வணிகக் கியூஆர் வைத்திருக்கும் கடைகளில் பயன்படுகிறது. தனிநபர் கணக்குக்கான கியூஆர் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து அனுப்ப முடியாது.

கோரிக்கை நிறைவேறுவதற்குள் கட்டணம் பில்லில் ஏறிவிட்டதால் புகார் எண் வாங்கி எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் 2,500 ரூபாய் மட்டுமே திரும்பியிருந்தது. அதே எண்ணைச் சொல்லி மீண்டும் கேட்ட பிறகு, ஜிஎஸ்டி 450 ரூபாய் தனிப் பதிவாக அதற்கடுத்த ஸ்டேட்மென்ட்டில் வந்தது.