வெறும் வயிற்றில் பால் தேத்தண்ணி

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பாமசிக்குப் பயிற்சிக்காக இரண்டு மாணவர்கள் வந்தார்கள். ஆறு கிழமை. பதினொரு வருடம் மருந்து கொடுத்துப் பழகியவள் நான். அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

முதல் கிழமை நான் செய்தது சுத்தப் பிழை. ஒவ்வொரு மருந்துக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்து, பாடமாக்கச் சொன்னேன். இரண்டே நாளில் பாடமாக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கவுண்டரில் நின்று, "பக்க விளைவுகள் ஏற்படலாம்" என்று ஒப்புவித்தாள். எதிரே நின்ற ஐயா, "எந்தப் பக்கம், மகள்?" என்றார். பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தவளுக்கு மருந்தைப் பற்றி வீட்டுத் தமிழில் பேசிப் பழக்கமே இல்லை.

மற்றவன் சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம்தான். தைரொயிட்டுக்கு லெவோதைரொக்சின் எடுக்கும் ஓர் அம்மாவிடம், "வெறும் வயிற்றிலதானே போடுறீங்கள்?" என்று கேட்டான். "ஓம் மகன்." தாளில் சரி போட்டான். எனக்கு ஏதோ இடித்தது. "காலமை எழும்பினதும் முதல்ல என்னம்மா செய்வீங்கள்?" என்றேன்.

"பால் தேத்தண்ணி ஊத்துவன். அதோட குளிசையையும் போட்டிடுவன்."

அவர் பொய் சொல்லவில்லை. தேத்தண்ணியை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஆனால் பால் சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சேர்வது குறையும். வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலமாவது பொறுத்துத்தான் தேத்தண்ணி. அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினால், டோஸ் இரண்டு தடவை கூட்டப்பட்டிருந்தது.

அன்றிரவே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஓம், இல்லை என்று பதில் வரும் கேள்வி இனி வேண்டாம் என்றேன். டொக்டர் இது எதுக்கு என்று சொன்னவர்? எப்படிப் போடச் சொன்னவர்? கடைசியில், வீட்டுக்குப் போய் மகளுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்கள்? மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நானே கோபக்கார மாமாவாகவும் காது கேளாத ஆச்சியாகவும் நடித்தேன். நடிப்பு மோசம், ஆனால் பலித்தது.

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் வாங்க வந்த அக்காவிடம் "கிழமைக்கு ஒருக்கா" என்றாள் அந்தப் பிள்ளை. "எந்தக் கிழமை?" என்று கேட்டார் அவர். எவ்வளவு சரியான கேள்வி! வாரத்தையும் கிழமை என்கிறோம், நாளையும் கிழமை என்கிறோம். அதைத் தவறுதலாக நாளாந்தம் போட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. அதோடு சேர்த்துக் கொடுக்கும் போலிக் அமிலம் என்ற விற்றமின் குளிசையும், எங்களிடம் இருந்தது, அதைப் போலவே சின்ன மஞ்சள். எந்த நாள் என்பதை அந்த அக்காவையே தெரிவு செய்யச் சொன்னோம். வெள்ளி என்றார், கோயிலுக்குப் போகிற நாள், மறக்காதாம். உறையில் "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று பெரிதாக எழுதினோம்.

நான் எதிர்பாராதது சிங்களப் பிள்ளையின் முன்னேற்றம். தமிழ் குறைவு என்பதால் சின்னதாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருந்தான். சனம் தானாகவே பேசியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஐயா ஒருவரிடம், "பையில இருக்கிறது எல்லாம் காட்டுங்க" என்றான். அரசாங்க கிளினிக் உறையில் பிரஷர் குளிசை லொசார்டன். வெளியில் வாங்கிய பெட்டியில் வேறு பெயரில் அதே லொசார்டன். இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். தலைசுற்று என்று வேறு சொன்னார். டொக்டரிடம் கேட்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தோம். மருந்துகளைப் பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்று பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயையும், 1971-இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தையும் பரீட்சைக்குப் படித்தவன்தான். கம்பனி வைக்கும் பெயர் இருக்க, மருந்துக்குப் பொதுப் பெயர் எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியதாம்.

அவர்கள் போய் இரண்டு கிழமையில் தைரொயிட் அம்மா வந்தார். "அந்தத் தம்பி எங்க? இப்ப குளிசை தண்ணியோடதான், தேத்தண்ணி பிறகுதான் என்று சொல்லிவிடுங்கோ. கல்சியம் குளிசையையும் மறக்காமல் அதோடயே போட்டிடுறன்."

கல்சியத்துக்கு நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டேன். "இருங்கோ அம்மா."