பொய்ச் சத்தமாண்ணே?

"அது பொய்ச் சத்தமாண்ணே?"

மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பொய்தான்டா" என்றேன். "நீங்க சொன்னா சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் எதிர்க்கடைக்கு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கப் போய்விட்டான். மொத்தமே பத்து வினாடிப் பேச்சு. இரண்டு வருடமாக அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

இன்ஜின் ட்யூன் செய்வது என் தொழில். அவன் கொண்டுவந்தது மிட்சுபிஷி எவோ 3 காரின் இன்ஜின் ஏற்றிய புரோட்டான் வீரா. பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடையில் அந்த 4ஜி63 டர்போ இன்ஜின் கிடப்பதைப் பார்த்தால் வீரா வைத்திருப்பவனுக்கு என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பையன் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் (ஊர்ப் பெயர் 2007லேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, நாக்குதான் இன்னும் மாறவில்லை). கிள்ளானில் ஷிஃப்ட் வேலை. ஓவர்டைம் காசில் ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், தனி இசியூ (இன்ஜினை ஆட்டிவைக்கும் கணினி) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு ட்ராக் டே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"5,000 ஆர்பிஎம் தாண்டுனா யாரோ பின்னால இருந்து சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குண்ணே" என்றுதான் வந்தான்.

இழுத்தது இசியூ. பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார்தான் அதற்குக் காது. பொறி விழுந்து நெருப்பு பரவும்போது, அது போய்ச் சேருமுன்னே ஓரத்தில் நெருக்குண்டு கிடக்கும் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் சிலிண்டர் மணி அடித்தது போல அதிரும். அதுதான் 'நாக்'. 4ஜி63க்கு சிலிண்டர் விட்டம் (போர்) 85 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு அதிர்வு சுமார் 6.7 கிலோஹெர்ட்ஸில் வரும். அந்த இடத்தில் நாம் வைத்த வரம்பைத் தாண்டிச் சத்தம் எழுந்தால் இசியூ பொறி விழும் டைமிங்கை உடனே சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். அடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் (ஆர்பிஎம்) நாலு சிலிண்டருக்கும் சேர்த்து வினாடிக்கு 200 பொறி. அத்தனைக்கும் நடுவில் அந்தக் காது விழித்திருக்க வேண்டும்.

ஆனால் அது நாக் சத்தத்தை மட்டும் கேட்கிற காது இல்லை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்று இடைவெளி கூடுதலாக விட்டுத்தான் பூட்டுகிறோம். அது சிலிண்டர் சுவரில் தட்டும். போதாததற்கு இவன் இன்ஜின் மவுண்டையும் கெட்டியானதாக மாற்றியிருந்தான். இதெல்லாம் சேர்ந்து சென்சாருக்கு நாக் மாதிரியே கேட்கலாம். அதுதான் பொய்ச் சத்தம். அப்போது வரம்பை ஏற்றி வைப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. தேவையில்லாமல் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தால் பவர் போவது மட்டுமில்லை, எக்ஸாஸ்ட் சூடேறி டர்போவும் வேகும். ஆக, நான் செய்தது ஊரில் இல்லாத வேலை ஒன்றும் இல்லை.

இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

பிறகு அடுத்தது தானாக வந்து நிற்கும். பிஸ்டன் தட்டல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிகம், சூடேறினால் குறைய வேண்டும். அன்றைக்கு வண்டி நன்றாகச் சூடாகியிருந்தது. செம்பனை லோரிகள் குறைந்த நேரம் பார்த்து நேர்ரோட்டில் மூன்று ஓட்டம் ஓடிப் பதிவு எடுத்திருந்தோம். முதல் இரண்டில் பெடலைப் பாதி அழுத்தினாலும் சரி, முழுக்க அழுத்தினாலும் சரி, 5,200க்குப் பக்கத்தில் அதே சத்தம். சுமை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத சத்தம் என்றால் அது நாக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. அதைப் பார்த்துத்தான் பொய் என்றேன். மூன்றாவது பதிவைத் திறக்கவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள். வாசலில் வேலைக்கு நாலு காடி காத்து நின்றது. சுவரில் என் காதுக்கருவி தொங்கிக்கொண்டிருந்தது. தட்டையாக்கிய செப்புக் குழாயைப் பிளாக்கில் போல்ட் போட்டு, ரப்பர் டியூப் வழியாகக் காதுமூடிக்குக் கொண்டுவந்த சாமான், நானே செய்தது. எடுத்து மாட்ட ஐந்து நிமிடம். நான் அதைப் பார்த்தேன் என்பதுதான் உறுத்துகிறது. மறந்திருந்தால் பரவாயில்லை. பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கீபோர்டில் வரம்பை ஏற்றினேன்.

பத்தொன்பதாம் நாள் வண்டி டோ லோரியில் வந்தது. ஹெட் கேஸ்கட் போயிருந்தது. மூன்றாம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல அலுமினியப் பொட்டுகள். பிஸ்டன் தலை அரித்திருந்தது. இதைப் பார்த்த பிறகு எந்த ஒர்க்‌ஷாப் போர்மனும் வேறு காரணம் தேட மாட்டான். நான் தேடினேன். ஹெட்டைக் கழற்றுமுன்பே அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன பெட்ரோல் எண்ணெய் ஊத்துன?"

"97தான்ணே. நீங்க சொன்னதுதான்."

நாக்கைத் தாங்கும் சக்தி குறைந்த 95 ஊற்றியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அப்புறம் ஒரு காரணம் கிடைக்கத்தான் செய்தது. மூன்றாம் இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தது. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்திருக்கிறது, அதனால் சூடேறியிருக்கிறது. கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் கலந்துதான் பார்க்கும்; ஒன்று மட்டும் காய்ந்தால் மற்ற மூன்றும் அதை மறைத்துவிடும். இசியூவில் நான் வைத்த மேப்பில் பிழை இல்லை. இன்ஜெக்டர் எப்போது அடைத்தது என்று யாருக்குத் தெரியும்? இதைச் சொல்லிக்கொண்டு இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் ராத்திரி, தனி ஒரு சிலிண்டர் தட்டுவதைக் கேட்கத்தானே அந்தக் காது இருந்தது என்று தோன்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் மூன்றாவது பதிவைத் திறந்தேன். மூன்றாம் கியர், 1.4 பார் டர்போ பூஸ்ட், முழு அழுத்தம். 5,200இல் இருந்த சத்தம் அங்கே இருந்தது. 5,800இல் இன்னொன்றும் இருந்தது. சின்னதுதான். முதல் இரண்டு பதிவிலும் அது கிடையாது.

அவனிடம் காட்டவில்லை. பாதிக் கூலி போதும் என்றேன். "ஏன்ணே, முழுசா எடுத்துக்குங்க" என்று கையில் திணிக்க வந்தான். எதுவுமே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். அதனால்தான் பாதி.

இன்ஜின் புதிதாகக் கட்டி, இன்ஜெக்டர் எல்லாம் துடைத்துச் சோதித்து, மறுபடி ட்யூனுக்கு வந்தான். 5,200இல் அதே சட்டை இழுப்பு. இந்தத் தடவை காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, அவனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஓடினோம். காதில் ஏதோ கேட்டது. தட்டலா, நாக்கா, மவுண்ட் இரைச்சலா, சத்தியமாகப் பிரிக்க முடியவில்லை. அப்படியானால் அன்றைக்கு மாட்டியிருந்தாலும் இதே கதைதானோ என்று ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"பொய்தானேண்ணே?"

"தெரியலடா. இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும், வரம்ப ஏத்த வேணாம்."

அவன் முகம் விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் முழுக் கூலியையும் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் வண்டி கிள்ளானில் வேறொரு கடையில் நின்றதாகக் கேள்விப்பட்டேன். இப்போது 5,000 தாண்டியும் நன்றாக இழுக்கிறதாம்.