ஐஸ் போடாத ஸ்டவுட்

மட்டக்களப்பில் பியர் குடித்துவிட்டு வந்த ஒருவரிடம் அது எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "நல்லாக் குளிர்ந்து இருந்தது" என்பதுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே அடிக்கும் வெயிலை அறிந்த எவரும் அந்தப் பதிலைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் லாகர் எனும் இளநிற பியருக்குப் பொருந்துகிற அதே குளிர், ஸ்டவுட் எனும் கறுப்பு பியரின் பாதிச் சுவையை மறைத்துவிடுகிறது. பல நாட்டு பியர்களை அருகருகே வைத்து ருசிபார்க்கும் எங்கள் சிறிய நண்பர் கூட்டம் எனக்குக் கற்றுத்தந்த முதன்மையான விடயம் இதுவே. நம் நாட்டு ஸ்டவுட் உலகின் நல்ல ஸ்டவுட்களோடு ஒரே மேசையில் வைக்கத் தக்கது என்றும், அதைக் குடிக்க வேண்டிய முறையில் நாம் குடிப்பதில்லை என்றும் நான் உறுதியாக எண்ணுகிறேன்.

நாங்கள் கூடுவது ஆடி, ஆவணி மாதங்களில், கல்லடியில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில். சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிவைத்துச் சில போத்தல்களைக் கொண்டுவருகிறார்கள். இங்குள்ள மதுக்கடைகளில் லாகரும் ஸ்டவுட்டுமே பெரும்பாலும் கிடைக்கின்றன என்பதால், சிறு உற்பத்திச்சாலைகளில் கைப்பக்குவமாகச் செய்யப்படும் மற்ற வகைகள் அவர்கள் வழியாகவே எங்களை வந்தடைகின்றன. கோயில் விரதம் இருப்பவர்கள் அது முடிந்த பின்னரே வருவார்கள். போயா தினத்தில் மது விற்பனைக்குத் தடை இருப்பதால் அதையும் பார்த்தே நாள் குறிக்கிறோம்.

ஒவ்வொரு போத்தலையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, பெயர் தெரியாமல், ஆளுக்கு அரைக் குவளைக்கும் குறைவாகவே ஊற்றுகிறோம். நிறைய ஊற்றினால் மூன்றாவது போத்தலிலேயே நாக்கு களைத்துவிடும்; அதன் பிறகு எழுதும் புள்ளிகளுக்குப் பொருள் இல்லை. இளநிறத்திலிருந்து கருநிறத்துக்கும், மென்மையிலிருந்து கடுமைக்கும் செல்வதும், இடையிடையே தண்ணீரும் கிறீம் கிறக்கரும் எடுத்துக்கொள்வதும் வழக்கம். புள்ளியிடுவதற்கு அமெரிக்காவின் பியர் நடுவர் அமைப்பான பிஜேசிபியின் முறையைப் பின்பற்றுகிறோம். அதில் மொத்தம் 50 புள்ளிகள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. நுரையையும் நிறத்தையும் பார்த்தே தீர்ப்புச் சொல்லிப் பழகிய நமக்கு, தோற்றத்துக்கு வெறும் 3 புள்ளிதான் என்பது நல்லதொரு பாடம்.

ஜெர்மனியின் பவேரியப் பகுதிக் கோதுமை பியர், புதிதாக வருபவர்களுக்கு ஊற்ற மிகப் பொருத்தமானது. குவளையை மூக்கருகே கொண்டு சென்றதும் கனிந்த வாழைப்பழ வாசனை எழும். அதன் பின்னால் கராம்பு மெல்ல வரும். வாழைப்பழமோ கராம்போ அதில் சேர்க்கப்படுவதில்லை. நொதிக்கும்போது அந்த ஈஸ்ட்டே இவ்விரு மணங்களையும் உண்டாக்குகிறது. இதை நம்ப மறுத்த பாசிக்குடா நண்பர் ஒருவர், சமையலறையிலிருந்து ஒரு கப்பல் வாழைப்பழத்தை எடுத்துவந்து உரித்து, பழத்தையும் குவளையையும் மாறி மாறி முகர்ந்து பார்த்த பிறகே உட்கார்ந்தார்.

ஐபிஏ எனப்படும் கசப்பு மிகுந்த வகையைப் பற்றி இங்கே அதிகம் எழுதுவதற்கில்லை. ஹொப்ஸ் பூக்களிலிருந்து வரும் தோடம்பழ, மாம்பழ வாசனைகளே அதன் உயிர்; அந்த வாசனைகள் வெப்பத்திலும் காலம் செல்லச் செல்லவும் மங்கிவிடும். விமானத்தில் வந்து, கொழும்பிலிருந்து வாகனத்தில் சூடேறி, இங்கே வந்து சேரும்போது கசப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது. வெளிச்சமும் இதற்கு எதிரி. ஹொப்ஸின் கசப்புப் பொருள் ஒளிபட்டுச் சிதைந்து, கந்தகம் கலந்த துர்வாடையைத் தருகிறது. கபில நிறப் போத்தல் அதை ஓரளவு தடுக்கும். பச்சைப் போத்தல் தடுக்காது. யன்னலோரம் வைக்கப்பட்ட ஒரு பச்சைப் போத்தலைத் திறந்தபோது அந்த வாடையை நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அறிந்துகொண்டோம்.

எங்களை நீண்ட நேரம் பேசவைத்தது பெல்ஜியத்தின் கூஸ் என்ற புளிப்பு பியர். பிரசல்ஸ் நகரை அண்டிய பகுதியில், கொதித்த பார்லி, கோதுமைச் சாற்றை ஆழமற்ற திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட்டை எவரும் இடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் வாழும் நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்கின்றன. இவ்வாறு உருவாகும் லாம்பிக்கில் இளையதையும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பீப்பாயில் கிடந்ததையும் கலந்து, போத்தலில் அடைத்து மீண்டும் நொதிக்கவிட்டால் கிடைப்பதே கூஸ். வீட்டுக்கார நண்பரின் பெரியப்பா வாழ்நாளில் கள்ளைத் தவிர வேறெதையும் விரும்பிக் குடித்தவர் அல்லர். அவர் ஒரு மிடறு வாயில் வைத்திருந்து விழுங்கிவிட்டு, "இது நம்மட கள்ளுத்தான் மனே, அந்தி பட்ட கள்ளு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும் கணத்திலேயே கள் நொதிக்கத் தொடங்குகிறது. அதற்கும் எவரும் ஈஸ்ட் இடுவதில்லை. காலையில் இனிப்பாக இருப்பது மாலையில் புளித்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் நின்று கருப்பணி கிடைக்கும். பெல்ஜியத்தில் குளிர்காலத்தையும் பல ஆண்டுகளையும் நம்பிச் செய்யும் வேலையை, இங்கே வெப்பம் ஒரே பகலில் செய்து முடிக்கிறது. அந்தப் புளிப்புக்குப் பழகிய நாக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த செய்தி.

இனி ஸ்டவுட். 8.8 சதவீத மதுசாரம் கொண்ட லயன் ஸ்டவுட்டை நம்மவர்கள் "அடிக்கும்" என்பதற்காக வாங்குகிறார்கள். ஐஸ் துண்டுகள் போட்டு விரைவாகக் குடித்து முடிக்கிறார்கள். கருமைக்கும் கடுமைக்கும் தொடர்பில்லை. நிறத்தைத் தருவது கருக வறுத்த மோல்ட், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லி. குழாயிலிருந்து ஊற்றும் அயர்லாந்தின் கறுப்பு கின்னஸில் மதுசாரம் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வெப்பநாடுகளுக்குக் கப்பலேறிய கடும் ஸ்டவுட்களைப் பின்பற்றி, அந்தந்த நாடுகளிலேயே இனிப்புக் கூடிய ஒரு வகை உருவாகியது. பிஜேசிபி அதை வெப்பமண்டல ஸ்டவுட் என்று தனி வகையாகவே குறிக்கிறது. ஜமேய்க்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு நம் லயனும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. நுவரெலியாவில் தொடங்கிய அந்த உற்பத்தி பின்னர் பியகமவுக்கு மாறியது. பிரித்தானிய பியர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், 1942–2007) கண்டியில் அதைக் குடித்துப் பார்த்து, உலகம் அறியப் பாராட்டினார்.

நாங்கள் செய்த ஒப்பீடு மிக எளியது. ஒரே போத்தல், ஒரு குவளையை ஊற்றியதும் குடித்தோம், மற்றதை மேசையிலேயே ஆறவிட்டோம். முதற்குவளையில் குளிரும் சிறு கசப்புமே தெரிந்தன. கால் மணி நேரம் கழித்து இரண்டாவதை எடுத்தபோது, நுரையின் கபில நிறம் அப்படியே இருக்க, கோப்பி முதலிலும் கருஞ்சொக்லேட் அடுத்தும் வந்தன. விழுங்கிய பிறகு கருப்பட்டியின் இனிப்பு அடித்தொண்டையில் நீண்ட நேரம் நின்றது. 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையிலான குளிர் ஸ்டவுட்டுக்குப் போதும். நம் ஊர் வெயிலில் அதற்கு அதிக நேரம் காத்திருக்கவும் தேவையில்லை. கடந்த முறை தாள் சுற்றிய நிலையில் இங்கிலாந்தின் சிறு உற்பத்திச்சாலை ஒன்றின் ஸ்டவுட்டும் இதுவும் அருகருகே நின்றபோது, லண்டனிலிருந்து வந்தவரே நம்முடையதைத் தன் ஊருடையது என்று எழுதிக்கொடுத்தார்.

அதற்கு வறுத்த கச்சானும் மிளகிட்டுப் பொரித்த கணவாயும் நல்ல துணை. எல்லாவற்றையும் விட வட்டிலப்பத்தோடு குடித்துப் பார்க்க வேண்டும். கருப்பட்டியும் ஏலமும் ஸ்டவுட்டின் வறுத்த கசப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. வீடு திரும்ப ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறோம்.

வரும் ஆடியில் கனடாவிலிருந்து வருபவரிடம் டிராகன் ஸ்டவுட் கேட்டிருக்கிறேன். வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றி, கொண்டுவந்தவுடன் என்னிடம் தந்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு தீவுகளின் ஸ்டவுட்களையும் ஒரே மேசையில், ஒரே அளவில் ஆறவிட்டு, பெயர் மறைத்து ருசிபார்க்கப் போகிறோம்.