கர்ணன் திரையை விலக்கும் நேரத்தில் கணினி திக்கினால்

வீடியோ எடிட்டிங்கில் படம் விட்டுவிட்டு ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் பதில் ‘ராம் போடு’. அடுத்த பதில் ‘கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு’. இரண்டிற்கும் பணம் வேண்டும். கோளாறு எங்கே என்று பார்ப்பதற்குப் பணம் வேண்டாம், அதனால்தானோ என்னவோ அதை யாரும் சொல்வதில்லை.

செய்யாறு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். இரவில் போய் அதைப் படம் பிடித்து, பகலில் கடையின் பின்னறையில் வெட்டி ஒட்டுவது என் வேலை. கூத்து என்றால் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும் வரை. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிவு செய்யும் கேமராவில் ஒரு மணி நேரம் ஓடினாலே 45 ஜிபி. ஒரே இரவில் 300 ஜிபியைத் தாண்டிவிடும். இதோடு மேடையின் பக்கவாட்டில் வைத்த செல்போனின் பதிவும் சேரும்.

போன வாரம் எங்கள் ஊர் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாருடைய மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணே, கர்ண மோட்சத்தை வெட்டவே முடியவில்லை. அப்பா அடவு போடுகிற இடத்தில் கால் ஒரு பக்கம் நிற்கிறது, தாளம் எங்கேயோ போகிறது. டவுனில் கேட்டால் இது தேறாது, புது கம்ப்யூட்டர் வாங்கு என்கிறார்கள்.”

ஓடவிட்டுப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் வேடம் நின்று பாடுகிறது. திரை விலகுகிறது. கர்ணன் ஒரு சுற்றுச் சுழல்கிறான். புஜக் கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் ஒருசேர மின்ன வேண்டும். மின்னவில்லை. முதுகு தெரிந்தது, அடுத்த கணம் முகம் தெரிந்தது, நடுவில் இருந்த சுழற்சியைக் காணவில்லை. மத்தளமும் முகவீணையும் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடின.

ஒலி சரியாக ஓடிப் படம் மட்டும் திக்குவதே ஒரு தடயம். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள், அவைதான் ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் தயார் செய்ய 40 மில்லிநொடிதான் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் மென்பொருள் ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டு படத்தில் சில ஃபிரேம்களை உதறிவிடும். ஒலியும் அறுந்து அறுந்து வந்திருந்தால் நான் முதலில் டிஸ்க்கைச் சந்தேகித்திருப்பேன்.

கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபாமன்ஸ்’ பகுதியை ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டோம். கணக்குப் போடும் சில்லான சிபியு உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது. டிஸ்க் சும்மா இருந்தது. 8 ஜிபி ராமில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. ஆக, ராம் போட்டிருந்தால் காசுக்குத்தான் கேடு. அதே கோப்பை வீடியோ பார்க்கும் மென்பொருளான விஎல்சியில் போட்டபோது வழுக்கிக்கொண்டு ஓடியது. பையன் குழம்பிப்போனான்: “இதில் மட்டும் எப்படி ஓடுகிறது?”

கேமராவும் செல்போனும் ஹெச்.264, ஹெச்.265 என்ற சுருக்க முறைகளில் தரும் கோப்புகள் பார்ப்பதற்காகவும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகவும் உருவானவை, வெட்டுவதற்காக அல்ல. ஹெச்.264 தரம் 2003இல் வந்தது, ஹெச்.265 தரம் 2013இல். இரண்டிலும் எல்லா ஃபிரேமும் முழுப் படம் கிடையாது. என் கடையின் கடன் நோட்டு மாதிரிதான்: பக்கத்தின் தலையில் பழைய பாக்கி முழுத்தொகையாக இருக்கும், அதன் கீழே வரவும் பற்றும் மட்டும். ஒரு வாடிக்கையாளரின் இன்றைய பாக்கி என்ன என்று கேட்டால் தலையிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். இங்கே முழுப் படம் என்பது கீஃபிரேம். மற்றவை முன்னால் வந்த ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். சில குறிப்புகளுக்கு அடுத்து வரப்போகும் ஃபிரேமும் தேவைப்படும்.

விஎல்சி முன்னோக்கி மட்டும் ஓடுகிறது. கிராஃபிக்ஸ் சில்லில் சுருக்கிய படத்தை விரிக்கவென்றே இருக்கும் டீகோடர் பகுதியிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறது. எடிட்டிங்கில் நாம் சும்மா இருப்பதில்லை. ஒரு ஃபிரேம் பின்னால் போகிறோம், எங்கோ தாவுகிறோம், இரண்டு டிராக்கை (காட்சி வரிசையை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி பின்னால் இருக்கும் கீஃபிரேமைத் தேடிப் போய் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். பையன் வைத்திருந்த எடிட்டிங் மென்பொருள் கேடென்லைவ். நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், இலவசம், நல்ல மென்பொருள். ஆனால் பெரும்பாலும் சிபியுவை நம்பித்தான் ஓடும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கோப்பு பெரிதாக இருக்கிறதே என்று ஏதாவது ஒரு கருவியில் போட்டுச் சுருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெச்.264 கோப்பு செய்யும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பான அமைப்பில் 250 ஃபிரேம் வரை ஒரு கீஃபிரேம்கூட இல்லாமல் போகலாம், அதாவது 25 ஃபிரேம் கணக்கில் பத்து நொடி. கோப்பு சிறியதாகும், வெட்டுவது முன்னைவிடக் கொடுமையாகும்.

மருந்து புராக்ஸி. அசல் கோப்பைத் தொடாமல், அதற்குப் பதிலாளாகச் சிறிய நகல் ஒன்றைச் செய்து, வெட்டுவதை எல்லாம் நகலில் வைத்துக்கொள்வது. 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 960க்கு 540 அளவுள்ள நகலில் சுமார் 5 லட்சம், பதினாறில் ஒரு பங்கு. நகலை எம்ஜேபெக் போல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் வடிவத்தில் செய்தால் கூட்டல் கணக்கும் ஒழிந்தது. கேடென்லைவில் புராஜெக்ட் அமைப்புகளுக்குள் புராக்ஸிக்குத் தனிப் பக்கமே இருக்கிறது. குறிப்பிட்ட அகலத்துக்கு மேற்பட்ட கிளிப் வந்தால் தானாகவே நகல் செய் என்று சொல்லி வைக்கலாம். டாவின்சி ரிசால்வ், ஷாட்கட் போன்ற மற்ற எடிட்டிங் மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. கடைசியில் வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது, புராக்ஸியைப் பயன்படுத்து என்று நாமே போய்த் தேர்ந்தெடுக்காதவரை, அசல் கோப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். தரம் குறைந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

ஒரே சங்கடம், நகல் செய்ய நேரமாகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஃபோகஸ் சரியா என்று பார்க்க மட்டும் அசலுக்கு மாற வேண்டும். நகலில் எல்லாமே கொஞ்சம் மங்கல்தான்.

பையனின் லேப்டாப்பில் புராக்ஸி தயாரானதும் கர்ணன் முழுதாகச் சுழன்றான். பத்து நிமிடம் கழித்து மறுபடி திக்க ஆரம்பித்தான். இது வேறு நோய். முதலில் நன்றாக ஓடிப் போகப்போகத் திணறினால் சூட்டைப் பாருங்கள். சிபியு சில்லு 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். அது கண்ணெதிரே இறங்கியது. லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தே வேலை செய்திருக்கிறான், அடியில் இருந்த காற்றுத் துளைகளில் பஞ்சு. கத்திரி வெயிலில் மனிதனுக்கே மூச்சு முட்டுகிறது. துளைகளைச் சுத்தம் செய்து, அடியில் காற்று புகும்படி இரண்டு கட்டை வைத்தோம். சார்ஜரைச் செருகாமல் பேட்டரியில் ஓட்டினாலும் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் சொல்லி வைத்தேன்.

டிஸ்க் கோளாறு இவனுக்கு இல்லை, எனக்கு வந்திருக்கிறது. வெளி ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நொடிக்கு 30, 40 எம்பிதான் வரும். இரண்டு 4கே கிளிப்பை ஒன்றாக ஓட்ட 25 எம்பி போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் மென்பொருள் அதே நேரத்தில் சிறுபடங்களையும் ஒலி அலையையும் படித்துக்கொண்டிருக்கும், டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். பல கணினிகளில் யுஎஸ்பி 3 துளையின் நாக்கு நீல நிறமாக இருக்கும், அதில் செருகுங்கள்.

இருட்டில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாக மணல் பறக்கும். அதைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எஃபெக்ட் புராக்ஸியையும் மண்டியிட வைக்கும். வெட்டி முடிக்கும் வரை அதை அணைத்து வையுங்கள். செல்போன் காட்சி தாளத்தைவிட்டு மெல்ல மெல்ல விலகினால் அது திக்கல் அல்ல: வெளிச்சம் குறையும்போது பல போன்கள் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துவிடும். வீடியோ வடிவத்தை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத ஃபிரேம் எண்ணிக்கை) தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகே எடிட்டிங்கில் போடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு டிராக் கலந்து மாறும் இடங்களில் கொஞ்சம் இழுக்கும். அந்தத் துண்டை மட்டும் குறித்து ஷிப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால், கேடென்லைவ் அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் இந்த முன்னோட்டக் கோப்புகளையும் புராக்ஸிகளையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கூத்தை இறக்கி வைக்க டிஸ்க்கில் இடம் இருக்காது.